கோடை விடுமுறையும் நம் கல்லூரிப் பிள்ளைகளும்

பங்குனி பிறந்துவிட்டால் நாகபுரியில் வாழும் நம் தமிழ் இல்லங்களில் பேச்செல்லாம் ஒன்றுதான். ஊருக்கு எப்போது புறப்படுவது, எந்த வண்டியில் இடம் கிடைக்கும், எத்தனை நாள் தங்குவது என்பனவே அப்பேச்சு. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு இது முறையே. தாத்தா பாட்டியைக் காண்பதும், குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவதும், அத்தை மாமன் மக்களோடு ஓடியாடுவதும் எந்தப் பள்ளியும் கற்பிக்காத பாடங்கள். ஆனால், வீட்டில் கல்லூரி மாணவர் ஒருவர் இருப்பாராயின், அதே கேள்வியோடு இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். இந்தக் கோடையில் அவர் எங்கே வேலை பழகப் போகிறார்? யாருக்குத் தொண்டு செய்யப் போகிறார்? இக்கேள்வி நம்மிடையே எழுவது அரிது. எழுந்தாலும் காலங்கடந்து எழுகிறது.

கோடைகள் பல உள்ளன என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். மூன்றாண்டுப் பட்டப் படிப்பின் இடையே வருவன 2 கோடைகளே. நான்காண்டுப் பொறியியல் படிப்பின் இடையே வருவன 3. அவற்றை உறக்கத்திலும் உலாவிலும் கழித்துவிட்டு, பட்டம் பெற்ற பின் வேலை தேடிப் புறப்படும் இளைஞரை நோக்கி, “இதுவரை என்ன செய்திருக்கிறீர்?” என்று கேட்கிறார்கள். மதிப்பெண் பட்டியலைத் தவிரக் காட்ட ஒன்றுமில்லாதவர் தலைகுனிகிறார்.

இக்குறை எல்லார்க்கும் பொதுவெனினும், புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்க்கு இருமடங்கு. உள்ளூர்க் குடும்பத்துப் பிள்ளைக்கு ஓர் அலுவலகத்தில் மாமன் இருப்பார். ஒரு தொழிற்சாலையில் சித்தப்பா இருப்பார். “நம்ம பையன், ஒரு மாதம் வந்து பார்க்கட்டும்” என்ற ஒரு சொல் போதும். நமக்கு அத்தகைய சொல் சொல்ல ஆளில்லை. நம்மில் பலர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டு வடக்கே வந்தவர்கள். ஆகவே, சிபாரிசு கேளாத வாயில்கள் எவை, அவை எப்போது திறக்கின்றன என்பதை அறிந்துகொள்வது நமக்கு இன்றியமையாதது. அத்தகைய வாயில்கள் பல உள என்பதே நற்செய்தி.

நம் அண்டையில் விளைந்த முன்மாதிரி

கல்லூரி மாணவர் விடுமுறையில் களத்துக்குச் செல்வது புதுவழக்கமன்று. தஞ்சையில் 1892ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. குமரப்பா, குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கொண்டு, கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் கிராமங்களை வீடு வீடாக ஆராய்ந்தார். உழவனின் வரவு என்ன, கடன் என்ன, வரி என்ன என்று கணக்கெடுத்த அந்த ஆய்வு 1931இல் நூலாக வெளிவந்தது. அம்மாணவர்கள் வகுப்பறையில் கேட்ட பொருளாதாரம் வேறு. குடிசை வாயிலில் அமர்ந்து எழுதிக்கொண்ட பொருளாதாரம் வேறு. பின்னர் அவர் வார்தா மகன்வாடியில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை நடத்தினார். 1938இல் நாகபுரியைத் தலைநகராகக் கொண்டிருந்த மத்திய மாகாண அரசு அமைத்த தொழில் ஆய்வுக் குழுவுக்கும் அவரே தலைவர். நாம் இன்று வாழும் இந்நிலத்தின் கிராமங்களை ஒரு தமிழர் கணக்கெடுத்தார் என்பது நம் பிள்ளைகள் அறியத் தக்கது.

வார்தாவை அடுத்த சேவாகிராமத்திலும் இத்தகைய மரபு உண்டு. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டின் பயனாய் எழுந்த ஆதாரக் கல்வி இயக்கத்தைச் சேவாகிராமத்தில் நடத்தியவர் ஆரியநாயகம் என்னும் இலங்கைத் தமிழர். 1969இல் அங்கே தொடங்கிய மருத்துவக் கல்லூரியில், முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் தங்கி, குடும்பங்களைப் பொறுப்பேற்று, அவர்தம் உடல்நலத்தைக் கவனித்துப் பழகுகின்றனர்.

அரசின் அளவிலும் இவ்வெண்ணம் மெல்ல முதிர்ந்து வந்தது. 1948-49இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர் தொண்டு விருப்பின்பாற்பட்டதாக இருத்தல் வேண்டும் எனக் கூறிற்று. 1959இல் சி. டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1964-66இல் கோத்தாரிக் கல்விக் குழுவும் இதனை ஆராய்ந்தது. இறுதியில், காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. “எனக்கன்று, உனக்கே” என்ற பொருள்பட அமைந்தது அதன் குறிக்கோளுரை. அதிற் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக ஈராண்டில் 240 மணி நேரம் பணி செய்தலும், 7 நாள் சிறப்பு முகாமில் தங்குதலும் வேண்டும். நம் பிள்ளைகளுள் பலர் இதனைச் சான்றிதழுக்கான சடங்காகக் கருதுகின்றனர். முகாமில் ஒரு கிராமத்துக் கிணற்றைத் தூர்வாரியவரைக் கேட்டுப் பாருங்கள். அது சடங்கன்று என்பார்.

அறிவியல் பயில்வோர்க்குரிய வாயில்கள்

அறிவியல் மாணவர்க்குத் தலையாயது, மூன்று அறிவியற் கழகங்கள் கூடி நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித் திட்டம். 1934இல் சர் சி. வி. ராமன் நிறுவிய பெங்களூர் இந்திய அறிவியற் கழகம், தில்லியில் உள்ள தேசிய அறிவியற் கழகம், பிரயாகையில் உள்ள அறிவியற் கழகம் ஆகிய மூன்றுமே அவை. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் ஏறத்தாழ 2 மாதம் ஓர் அறிவியலாளரின் கீழ் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே பணி பழகுவார். மாத உதவித்தொகை உண்டு. இதற்கு வேண்டுவன மதிப்பெண், ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், தாம் எதனை ஏன் கற்க விரும்புகிறோம் என்று மாணவர் தம் சொல்லில் எழுதும் சிறு குறிப்பு ஆகியவையே.

பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை, கான்பூர், காந்திநகர் முதலிய இடங்களின் ஐ.ஐ.டி.கள் ஆகியனவும் கோடைப் பயிற்சித் திட்டங்கள் நடத்தி வருகின்றன. தொலைவுக்குச் செல்ல இயலாதோர்க்கு நாகபுரியிலேயே இடங்கள் உண்டு. 1958இல் தொடங்கிய ‘நீரி’ என்னும் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும், மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இந்நகரிலேதான் உள்ளன. பொறியியல் மாணவர்கள் நம் ரயில்வேப் பணிமனைகளிலும் எஞ்சின் கொட்டகைகளிலும் பயிற்சி பெறக் கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். அஜ்னி மின் எஞ்சின் கொட்டகையின் வாயிலைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்லும் நம்மவர், தம் பிள்ளையிடம் அதன் உள்ளே நடப்பது பற்றி ஒரு நாளேனும் பேசியதுண்டா?

பொருளாதாரம், வணிகம், சட்டம் பயில்வோர்க்கும் வழி உண்டு. ரிசர்வ் வங்கி கோடைப் பயிற்சிக்கு மாணவரைத் தேர்ந்து வருகிறது. நிதி ஆயோக்கிலும் நடுவணரசின் பல அமைச்சகங்களிலும் பயிற்சி உண்டு. சில ஊதியமுள்ளவை, சில ஊதியமற்றவை.

2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட நெறிமுறைகள், இத்தகைய கோடைப் பயிற்சியைப் படிப்பின் ஒரு பகுதியாகவே ஏற்றுள்ளன. முதலாண்டோடு படிப்பை நிறுத்திச் சான்றிதழ் பெற விரும்புவோர் கோடையில் 4 மதிப்பலகுத் தொழிற்பாடம் ஒன்றை முடித்தல் வேண்டும் என்பதும் அந்நெறிமுறையில் உண்டு. ஆகவே, பயிற்சி இனி ஓர் அலங்காரமன்று.

ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் பயிற்சித் திட்டம் பற்றிப் பலர் வினவுகின்றனர். அது 12 மாதப் பயிற்சியாகத் தொடங்கப்பட்டது. முழுநேரக் கல்லூரி மாணவரின் கோடை விடுமுறைக்காக ஏற்பட்டதன்று. மேலும், தொடங்கியபோது வகுத்த விதிகளின்படி, தாய் தந்தையருள் ஒருவர் நிரந்தர அரசு ஊழியராயின் பிள்ளைக்குத் தகுதியில்லை. ரயில்வே இல்லங்கள் இதனைக் கருத்திற் கொண்டு, விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் விதிகளைப் படித்தறிதல் நன்று.

தொண்டுக்குரிய வாயில்கள்

நாகபுரியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கே வரோராவில் பாபா ஆம்தே 1949இல் தொடங்கிய ஆனந்தவனம் இருக்கிறது. உலகம் ஒதுக்கிய தொழுநோயாளர் தம் கைகளால் உழுது, நெய்து, கட்டி எழுப்பிய ஊர் அது. அதன் கிளையாகச் சந்திரபூர் மாவட்டத்துச் சோம்நாத்தில், 1960களின் இறுதி தொட்டு, கோடையில் இளைஞர்க்கான உழைப்பு முகாம் நடந்து வருகிறது. மே நடுவில் விதர்ப்பத்து வெயில் எத்தகையது என்பதை நாம் அறிவோம். அவ்வெயிலில் விடியற்காலையில் மண்வெட்டி பிடித்து, பின்னர் அறிஞர் உரை கேட்டு, ஒரே பந்தியில் உண்டு வரும் பிள்ளை, குளிர்சாதனப் பெட்டியின் முன் நின்று “சாப்பிட ஒன்றுமில்லை” என்று இனிச் சொல்லமாட்டான்.

2018இல் தூய்மை இந்தியா கோடைப் பயிற்சி என்ற திட்டத்தில் மாணவர்கள் கிராமங்களில் 100 மணி நேரம் பணி செய்தனர். அதற்கு 2 மதிப்பலகு வழங்கக் கல்லூரிகளுக்கு இசைவளிக்கப்பட்டது. 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கிய ‘மை பாரத்’ என்னும் அரசுத் தளத்தில் பெயர் பதிந்து கொள்ளும் இளைஞர், தம் ஊரில் உள்ள தொண்டு வாய்ப்புகளை அறிந்துகொள்ளலாம்.

இவை யாவர்க்கும் பொது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு செல்வம் உண்டு. அது இருமொழி, மும்மொழித் திறன். வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் இந்தியும் பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலை நம் நகர் வழியே செல்கிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் அதில் இரவும் பகலும் ஓடுகின்றன. விபத்தில் அடிபட்ட தமிழ் ஓட்டுநர் ஒருவர் இங்குள்ள மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து, தம் நோவை எடுத்துரைக்க மொழியின்றித் தவிப்பது எத்துணைக் கொடுமை! மருத்துவமனையின் இசைவு பெற்று, அழைத்தபோது சென்று மொழிபெயர்க்கும் பத்து மாணவர் பெயர்ப் பட்டியல் ஒன்று நம்மிடம் இருந்தால், அது எந்த நிறுவனத்துச் சான்றிதழுக்கும் குறைந்ததன்று.

சொந்த ஊருக்குச் செல்லும் பிள்ளைகளும் இத்திறனை அங்கே பயன்படுத்தலாம். திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளில் பீகார், ஒடிசா, வங்காளத்துத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. வேலூர் மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் நோயாளர் வந்த வண்ணம் உள்ளனர். மொழி தெரியாத ஊரில் பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கப்படும் பாடும், மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நிலையும் எத்தகையன என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அத்தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தாலும் அது நிறைந்த தொண்டே. ஊர்ப் பயணத்துக்கும் தொண்டுக்கும் பகையில்லை.

காலம் தவறலாகாது

கோடைக்கு வேண்டியதைக் கோடையில் தேடலாகாது. அறிவியற் கழகங்களின் விண்ணப்பம் கார்காலம் முடிந்ததுமே வெளிவந்து, கார்த்திகை வாக்கில் முடிந்துவிடுவது வழக்கம். ரிசர்வ் வங்கியும் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பம் பெற்று வந்துள்ளது. ஐ.ஐ.டி.கள் பெரும்பாலும் தை, மாசி, பங்குனியில் அறிவிக்கின்றன. நாள்கள் ஆண்டுதோறும் மாறும். அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பையே நம்ப வேண்டும். ஏப்ரலில் விழித்தெழும் வீட்டிற்கு எஞ்சுவது மிகச் சிலவே.

பேராசிரியர் ஒருவருக்கு நேரே கடிதம் எழுதுவோர் ஒரே கடிதத்தை நூறு பேருக்குப் படியெடுத்து அனுப்புதல் வீண். படிப்பவர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார். தாம் யார், எந்த ஆண்டு பயில்கிறோம், அவர் ஆய்வில் எதனைப் படித்தோம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை வர இயலும், எது செய்யத் தெரியும் என்பனவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். மறுமொழி வாராவிடில் பத்து நாள் பொறுத்து ஒரு நினைவூட்டல் எழுதலாம்.

பயணத்தைப் பற்றி நாம் கூறாது வேறு யார் கூறுவர்? 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. மே 10 அன்று புறப்படுவோர்க்கு மார்ச் 11 அன்று கதவு திறக்கும். 2020 மார்ச்சில் பல கட்டணச் சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் மாணவர் சலுகை நிறுத்தப்படவில்லை. கல்லூரித் தலைவரின் சான்றுப் படிவம் இருந்தால், பயிலும் ஊருக்கும் சொந்த ஊருக்கும் இடையே செல்லும் மாணவர்க்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. வயது வரம்பும் உண்டு. பயிற்சிக்காக வேறோர் ஊருக்குச் செல்லும் பயணத்துக்கு இது தானே பொருந்திவிடாது. கவுன்ட்டரில் கேட்டுத் தெளிந்து கொள்க.

ஏமாறலாகாது

நம் குடியிருப்பு மாணவர் ஒருவரிடம் ஒரு நிறுவனம் சேர்க்கைக் கட்டணமென 3,000 ரூபாய் பெற்றுக்கொண்டது. நான்கு வாரம் ஒரு வேலையும் தரவில்லை. கேள்வி கேட்கவும் ஆளில்லை. ஈற்றில் பொன்னிற ஓரமிட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. அதனைப் பார்த்த அவருடைய ஆசிரியர், “இதில் நீ என்ன கற்றாய்?” என்று கேட்டார். விடையில்லை. பயிற்சி தர முன்பணம் கேட்போரை நூறு முறை ஐயுறுக. அரசு நிறுவனங்கள் சிலவற்றில் சிறு பயிற்சிக் கட்டணம் உண்டெனினும், அது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, ரசீதோடு பெறப்படுவது. யார் கற்பிப்பார், எங்கே, நாளுக்கு எத்தனை மணி நேரம், இறுதியில் என்ன செய்து முடிக்க வேண்டும் என்ற நான்கு கேள்விக்கும் விடை தாராதவரிடம் பிள்ளையை அனுப்பலாகாது.

பெண்மக்களை வெளியூர் அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பு. தயக்கத்தைத் தடையாக்காமல், விசாரணையாக்க வேண்டும். தங்குமிடம் நிறுவனத்தின் விடுதியா, தனியார் விடுதியா, பொறுப்பாளர் யார் என்று கேட்டறிக. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் பெண்களுக்குத் தரும் பாதுகாப்பில் பயிற்சி பெறுவோரையும், ஊதியமின்றித் தொண்டு செய்வோரையும் சேர்த்தே கூறுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணி செய்யும் இடத்தில் முறையீட்டுக் குழு இருத்தல் வேண்டும். மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவள் கேட்டால், “உனக்கேன் இதெல்லாம்?” என்று நாம் சொல்லலாகாது.

நம் தெருவில் வேதியியல் இரண்டாமாண்டு பயிலும் பெண்ணொருத்திக்குப் பெங்களூரிலிருந்து பயிற்சிக் கடிதம் வந்தது. அதே வைகாசியில் அவள் அண்ணன் முறையாகும் ஒருவருக்குத் திருமணம். தந்தையார் மறுத்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் அடுப்பெரிந்ததேயன்றிப் பேச்சு எழவில்லை. மூன்றாம் நாள் பாட்டியம்மாள் மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏம்ப்பா, கல்யாணம் அவ இல்லாட்டியும் நடக்கும். இந்தப் படிப்பு அவ இல்லாம நடக்குமா?” பெண் பெங்களூர் சென்றாள். நான்காம் வகுப்பு படித்த அம்மூதாட்டியின் கணக்கு, நாம் மேலே எழுதிய கணக்கினும் சுருக்கமானது.

சங்கம் செய்யத் தக்கது

இத்துணை கூறியபின் எஞ்சுவது செலவு. ஊதியமில்லாப் பயிற்சி, பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே எளிது. இரண்டு மாதம் மும்பையிலோ தில்லியிலோ அறை வாடகையும் சாப்பாடும் கொடுப்பது ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் பெருஞ்சுமை. இங்கேதான் சங்கத்தின் பயன் விளங்க வேண்டும். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் தமிழர் சங்கங்கள் உள. ஒவ்வொரு நகரிலும் பத்துத் தமிழ் இல்லங்கள், கோடையில் ஒரு மாணவர்க்கு ஒரு மூலையும் இரு வேளைச் சோறும் தருவதாகப் பெயர் பதிந்தால் போதும். இங்கே ‘நீரி’க்கு வரும் மதுரைப் பிள்ளைக்கு நாம் இடம் தருவோம், தில்லிக்குச் செல்லும் நம் பிள்ளைக்கு அங்குள்ளார் தருவர். அந்நாளில் நம் முன்னோர் வேலை தேடி வடக்கே வந்தபோது, முகமறியாத தமிழர் ஒருவர் வீட்டில் பாய் விரித்துப் படுத்தே பிழைப்பைத் தொடங்கினர். அக்கடனை நாம் அடைக்கத்தக்க வழி இது.

ஆகவே, நம் வேண்டுகோள் மூன்று. கல்லூரி மாணவர் உள்ள இல்லங்கள் அவர் பெயர், பாடம், ஆண்டு ஆகியவற்றைச் சங்கப் படிப்பகத்தில் உள்ள பதிவேட்டில் எழுதுக. பயிற்சி பெற்றுத் திரும்பிய மாணவர் ஒவ்வொருவரும், தாம் சென்ற வழியை ஒரு பக்கத்தில் எழுதி அடுத்தவர்க்காக அங்கே வைக்குக. இடம் தர இயன்ற இல்லத்தார் செயலாளரிடம் ஒரு சொல் சொல்லுக.

சரசுவதி பூசைக்கு அடுக்கிய ஏடுகளை விசயதசமியன்று பிள்ளைகள் எடுத்துப் பிரிக்கும்போது, அவற்றோடு ஒரு விண்ணப்பத் தாளும் இருக்கட்டும். அடுத்த கோடை அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.